நேர்ஸ் அனிட்டா சூனியக்காரி ஆனாள்

மெல்பேர்னில் சயந்தினி பால் வாங்கக் கடைக்குப் போனால் சீக்கிரம் வீடு திரும்ப முடியாது. வழியெல்லாம் ஆட்கள் நிறுத்திப் பேசுவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வலியைச் சொல்லுவார்கள், மருந்து மாற்றியதைச் சொல்லுவார்கள். அவள் தாதி அல்ல, தொலைக்காட்சியில் தாதியாக நடிப்பவள். ஆனால் ஏழு வருடமாக மாலைதோறும் வீட்டு வரவேற்பறைக்கு வந்துபோகிற ஒருத்தியை அப்படிப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தொடரின் பெயர் ‘பெலிகன் முனை’. கடலோரச் சிற்றூர் ஒன்றின் கதை. அதில் அவள் நேர்ஸ் அனிட்டா. யாருக்கு அலைச்சறுக்குப் பலகை மண்டையில் பட்டாலும், யாருக்கு நடுச்சாலையில் பிள்ளை பிறந்தாலும், அனிட்டாதான் ஓடி வருவாள். கோபப்பட மாட்டாள். பொய் சொல்ல மாட்டாள். ஊரில் எல்லோரும் இரண்டு தடவையாவது காதலித்துப் பிரிந்தார்கள். அனிட்டாவுக்கு அதற்கும் நேரம் இருக்கவில்லை.

அப்பா பாலேந்திராவும் அம்மாவும் எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்குப் போனவர்கள். அப்பாவுக்கு டயர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகள் பார்மசி படித்துக்கொண்டிருந்தாள், இரண்டாம் வருடத்தில் அதை விட்டுவிட்டு நாடகப் பள்ளியில் சேர்ந்தாள். பாலேந்திரா சத்தம் போடவில்லை. மகளோடு நேரே பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஒரே மேசையில் இருந்துகொண்டு, “உம்முடைய மகளைச் சாப்பிடச் சொல்லும்,” என்று மனைவியிடம் சொல்லுவார். தொடர் தொடங்கிய பிறகு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், மாலை ஆறரைக்கு வீட்டில் நிற்கிற மாதிரி ஷிப்டை மாற்றிக்கொண்டார்.

பிறகு தொடருக்குப் புதிய தயாரிப்பாளர்கள் வந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை கையில் கிடைத்த வசனப்பிரதியைப் புரட்டியபோதுதான் அனிட்டா லொறி மோதிச் சாகப்போகிறாள் என்பது சயந்தினிக்குத் தெரியவந்தது. முன்கூட்டி ஒருவரும் சொல்லவில்லை. படப்பிடிப்பு முடிந்து, அந்த வாரம் ஒளிபரப்பாவதற்கு முன்பே வீட்டில் எல்லோருக்கும் விளக்கிச் சொல்லியிருந்தாள். இருந்தும் நிகழ்ச்சி முடிந்த கையோடு, அவ்வளவு காலமும் நேரே பேசாதிருந்த அப்பாவின் அழைப்பு வந்தது.

“பிள்ளை, எங்கை நிக்கிறாய்?”

“என்ர பிளாட்டிலைதான் அப்பா.”

“சாப்பிட்டியோ?”

“ஓம் அப்பா. நான் சாகேல்லை.”

“அது தெரியும். சும்மா கேட்டனான்.”

அதற்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. எந்த இயக்குநரைப் பார்த்தாலும், “உன்னைக் கண்டால் சனத்துக்கு அனிட்டாதான் ஞாபகத்துக்கு வருவாள்,” என்றார்கள். நாடகப் பள்ளிக் காலத்திலிருந்தே அவளுடைய ஆசை மேடைதான்; தொலைக்காட்சி இடையில் வந்து பிடித்துக்கொண்டது. கொரோனா தணிந்து தியேட்டர்கள் மறுபடி திறந்ததும், இரண்டு பெட்டிகளோடு லண்டனுக்குப் புறப்பட்டாள்.

ஹரோவில் அம்மாவின் தங்கை கமலாம்பிகை இருந்தார். ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். மகன் நிரூபன் கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகளோடு பக்கத்தில் பின்னர் என்ற ஊரில் இருந்தான். சின்னம்மாவின் வீட்டு மாடியில் ஒரு கட்டிலும் ஒரு ஆளும் மட்டும் கொள்ளக்கூடிய சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் மெட்ரோபொலிட்டன் ரயில் போகிற சத்தம் கேட்கும்.

“நடிக்கிறது நல்லதுதான் பிள்ளை,” என்றார் சின்னம்மா முதல் நாளே. “ஆனா பக்கத்திலை ஒரு வேலையும் இருக்கோணும். இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான்.”

சயந்தினிக்கு ஒரு ஏஜென்ட் கிடைத்தார். பெயர் பியற்றிஸ். சோஹோவில் ஒரு படிக்கட்டுக்கு மேலே அலுவலகம். நல்ல பெண்மணி, ஆனால் அவர் அனுப்பிவைத்த இடங்களில் எல்லாம் ஒரே மாதிரியான கேள்விதான் வந்தது. ஆஸ்திரேலியப் பெண் வேடத்துக்குப் போனால், “நாங்கள் வேறு மாதிரியான தோற்றத்தை நினைத்திருந்தோம்,” என்றார்கள். வேறு வேடங்களுக்குப் போனால், “இதையே கொஞ்சம் இந்திய உச்சரிப்பில் சொல்ல முடியுமா?” என்றார்கள். அவள் இந்தியாவுக்குப் போனதே இல்லை. முதல் தடவை முயன்று பார்த்தாள். தன் வாயிலிருந்து வந்த சத்தம் தனக்கே பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு, முடியாது என்று சொல்லத் தொடங்கினாள். அழைப்புகள் குறைந்தன.

சின்னம்மா சொன்ன ‘பக்கத்து வேலை’யும் நடிப்பாகத்தான் அமைந்தது. மருத்துவ மாணவர்களின் பரீட்சைக்கு நோயாளியாக நடிப்பது. காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரே கட்டிலில் இருந்துகொண்டு, வருகிற ஒவ்வொரு மாணவனிடமும் அதே வயிற்றுக்குத்தை அதே சொற்களில் சொல்ல வேண்டும். சயந்தினி அதையும் ஒழுங்காகச் செய்தாள். ஆனால் வீடு திரும்பும் ரயிலில், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்ற நினைப்பு வரும். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

ஒரு புரட்டாதி மாதத்துப் பகலில் பியற்றிஸ் கூப்பிட்டார்.

“கோபப்படாமல் கேள். ஒரு பான்டோ வந்திருக்கிறது.”

நத்தார் என்கிற கிறிஸ்மஸ் காலத்தில் இங்கிலாந்தின் ஊர் ஊராக நடக்கிற கூத்து அது. கதை குழந்தைகளுக்குரியது. தாட்டியான ஆண்கள் கிழவி வேஷம் போடுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு மாடாக வருவார்கள். முக்கியமான விஷயம், சனம் சும்மா இருக்காது. கெட்டவர் மேடைக்கு வந்தால் மண்டபமே கூ அடிக்கும். கதாநாயகனுக்குப் பின்னால் ஆபத்து நின்றால் “பின்னால் நிற்கிறது!” என்று பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். மேடையிலிருப்பவர் “இல்லை” என்றால் சனம் “ஆம்” என்னும். அவர் “ஆம்” என்றால் “இல்லை” என்னும். ஆஸ்திரேலியத் தொடர்களில் நடித்தவர்களைக் கூப்பிட்டு இதில் போடுவது பழைய வழக்கம். ‘பெலிகன் முனை’ இங்கும் பகல் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேற்கு லண்டனின் ஓரத்தில் இருந்த கோர்ட் தியேட்டர் என்ற பழைய அரங்கு, நேர்ஸ் அனிட்டாவை நல்ல தேவதையாகப் போட விரும்பியது.

சயந்தினி கதையை அனுப்பிவைக்கச் சொன்னாள். பிறகு, “யார் இயக்குகிறார்?” என்று கேட்டாள்.

இயக்குநரின் பெயர் டெரிக். அறுபது வயது, முப்பது நத்தார்களைக் கிழவி வேஷத்தில் கழித்துவிட்டு இயக்கத்துக்கு வந்தவர். சயந்தினி நேரே அவருடைய ஒத்திகைக் கூடத்துக்குப் போனாள். கதையை வாசித்திருந்தாள். ஊரிலுள்ள மணிகளையெல்லாம் திருடிக்கொண்டு போய் நத்தாரே வராமல் செய்கிற ஒரு சூனியக்காரி அதில் இருந்தாள். அந்த வேடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை.

“எனக்குத் தேவதை வேண்டாம். சூனியக்காரியைத் தாருங்கள்.”

டெரிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சனம் உன்னை நல்லவளாகப் பார்க்கத்தான் வரும்.”

“ஏழு வருடம் நல்லவளாக இருந்தேன். லொறி ஏற்றிக் கொன்றார்கள்.”

டெரிக் சிரித்துவிட்டார். “சரி, செய்து காட்டு. பார்க்கிறேன்.”

“எந்த உச்சரிப்பு?”

“என்ன எந்த உச்சரிப்பு? உன்னுடையதுதான்.”

லண்டனில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பிறந்து வளர்ந்த புறநகரின் ஆங்கிலத்தில், வாயை அகலத் திறந்து, அவள் மணி திருடும் காட்சியை நடித்துக் காட்டினாள். மாட்டின் பின்னங்கால்களாக வரவிருந்த இளைஞன் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றுவிட்டான். வேடம் அவளுக்குக் கிடைத்தது.

அடுத்து வந்தது தோல்வி. முதல் வாரக் காட்சிகள் சப்பென்று இருந்தன. சயந்தினி நன்றாகத்தான் நடித்தாள், அதுதான் பிழை. அவளுடைய சூனியக்காரி உண்மையிலேயே பயங்கரமாக இருந்தாள். முன்வரிசைக் குழந்தைகள் அழுதார்கள். பெரியவர்கள் கூ அடிக்க மறந்து போனார்கள். நேர்ஸ் அனிட்டா ஊசி போடுவதோடு நின்றிருக்கலாம் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது.

“நீ கமராவுக்கு நடிக்கிறாய்,” என்றார் டெரிக். “முன்னால் ஒரு சுவர் இருப்பதுபோல. அங்கே சுவர் இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு விளையாடு.”

“எப்படி?”

“அதைச் சொல்லித்தர முடிந்தால் நான் பணக்காரனாக இருந்திருப்பேன்.”

அந்தச் சனிக்கிழமை பகல் காட்சிக்குச் சின்னம்மா வந்தார். நிரூபன், அவன் மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், எல்லோருமாக நான்காவது வரிசையில் இருந்தார்கள். சின்னம்மா நல்ல சேலை உடுத்து, அதற்கு மேலே குளிர்கோட் போட்டிருந்தார். பான்டோ என்றால் என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பிள்ளை நாடகம் நடிக்கிறது, பார்க்க வந்திருக்கிறோம், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு மண்டபத்தில் சாரணர் படை ஒன்று வந்திருந்தது. சயந்தினி பச்சைப் புகையோடு மேடைக்கு வந்ததும் அந்தப் பொடியன்கள் கூ அடித்தார்கள். முன்வரிசையில் ஒரு தடித்த மனிதர் எழுந்து கையை ஆட்டி, “போ! வெளியே போ!” என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

சின்னம்மா எழுந்தார்.

“ஏய்! என்ன சத்தம் இது?” பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் முந்நூறு பிள்ளைகளை அடக்கிய குரல் அது. “பிள்ளை நல்லாத்தானே செய்யுது! ஏன் ஏசுறியள்?” பிறகு, விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலும் சொன்னார். “ஏன் கத்துகிறீர்கள்? அவள் நல்ல பிள்ளை!”

மண்டபம் அடங்கிப்போயிற்று. தடித்த மனிதர் உடனே உட்கார்ந்தார். நிரூபன் அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தான்; அவர் கையைத் தட்டிவிட்டார். திரைக்குப் பக்கத்தில் நின்ற டெரிக் தலையில் கையை வைத்தார்.

சயந்தினிக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது. தனக்கு முன்னால் இருந்த அத்தனை முகங்களையும் அன்றைக்குத்தான் பார்த்தாள் என்று பிறகு சொன்னாள். நீண்ட கறுப்பு அங்கி தரையில் இழுபட மேடையின் விளிம்புக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தமிழிலேயே கேட்டாள்.

“சின்னம்மா! என்ன செய்யிறியள்?”

“அவையள் உன்னை ஏசுகினம்!”

“ஏசத்தான் வேணும்! நான் கெட்டவள்! நீங்களும் கூ அடியுங்கோ!”

“எனக்கு ஏலாது!”

ஒரு சொல்லும் விளங்காமலே மண்டபம் முழுவதும் விளங்கிக்கொண்டது. பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு முன்னுக்கு உருண்டு வந்தது. சயந்தினி சனத்தின் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில் முழங்கினாள்.

“என் சொந்தச் சின்னம்மா சொல்கிறார், நான் நல்லவளாம்! நான் நல்லவளா?”

“இல்லை!” என்றது மண்டபம்.

“ஓம்!” என்றார் சின்னம்மா.

“இல்லை!”

“ஓம்!”

சாரணர்கள் பக்கம் பிரிந்தார்கள். ஒரு வரிசை சின்னம்மாவோடு சேர்ந்து “ஓம்! ஓம்!” என்று கத்தியது. தடித்த மனிதர் மறுபடி எழுந்து “இல்லை!” என்றார், இந்தத் தடவை சின்னம்மாவைப் பார்த்து, வாயெல்லாம் சிரிப்பாக. சின்னம்மாவுக்கும் அப்போதுதான் விளையாட்டுப் பிடிபட்டது. விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி வரைக்கும் அவர் ஒருவர் மட்டும் சூனியக்காரியின் கட்சி. மணிகளைத் திருடி மறைத்துவைத்த இடத்தைப் பிள்ளைகள் காட்டிக்கொடுத்தபோது, “சொல்லாதேங்கோ!” என்று அதட்டினார். கடைசியில் சூனியக்காரி தோற்றுப்போய்ப் புகைக்குள் மறைந்தபோது, சனம் எழுந்து நின்று கைதட்டியது.

காட்சி முடிந்து ஒப்பனை அறைக்கு வந்த சின்னம்மா வாசலிலேயே நின்றார். முகம் வாடியிருந்தது. நாடகத்துக்கு நடுவில் எழும்பிக் கத்தியதற்கு நிரூபன் வழியில் கடிந்துகொண்டிருக்க வேண்டும்.

“பிள்ளை, நான் உன்ர நாடகத்தைக் கெடுத்துப்போட்டன் என்ன?”

சயந்தினி பாதி கலைந்த பச்சை முகத்தோடு ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். சேலையில் சாயம் பட்டது. “சின்னம்மா, இண்டைக்குத்தான் எனக்கு நடிக்கத் தெரிஞ்சது.”

பின்னால் டெரிக் வந்தார். சின்னம்மாவின் கையைக் குலுக்கி, ஒவ்வொரு காட்சிக்கும் வர முடியுமா என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. சின்னம்மா கொஞ்சம் யோசித்தார்.

“வெள்ளிக்கிழமை ஏலாது. கோயில்.”

சின்னம்மா தினமும் போகவில்லை. போக வேண்டியும் இருக்கவில்லை. அன்றிலிருந்து சயந்தினி மேடைக்கு வந்ததும் முதலில் சனத்தைத்தான் பார்த்தாள். தாமதமாக வந்தவரைப் பிடித்தாள், உருளைக்கிழங்குப் பொரியல் பையைச் சரசரக்க வைத்தவரைப் பிடித்தாள். பிறகு கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, “எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?” என்று கேட்பாள். யாராவது ஒருவர் கூச்சத்தோடு கையைத் தூக்குவார். “சொல்லுங்கோ அண்ணை, நான் நல்லவளோ?” அவ்வளவுதான், மண்டபம் இரண்டாகப் பிரிந்துவிடும். கோர்ட் தியேட்டருக்கு வாழ்நாள் முழுக்க வந்துகொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவிகள் “ஓம்!” என்று கத்தப் பழகிக்கொண்டார்கள்.

செய்தி பரவிற்று. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பெற்றோர் பிள்ளைகளை அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த டூட்டிங்கில் மளிகைக்கடைக் கண்ணாடியில், மரவள்ளிக்கிழங்கு வந்திருக்கிறது என்ற அறிவிப்புக்குப் பக்கத்தில் சூனியக்காரியின் படம் ஒட்டப்பட்டிருந்தது. சவுத்தாலிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பிள்ளைகள், அரங்கில் எழுந்து நின்று, “பின்னாலை! பின்னாலை நிக்குது!” என்று கத்தினார்கள். அதைக் கேட்டுத் தாய்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜனவரி முதல் வாரத்தோடு முடிய வேண்டிய பான்டோ மாதக் கடைசி வரைக்கும் நீண்டது. உள்ளூர்ப் பத்திரிகை இன்னொரு தடவை ஆளை அனுப்பியது. ஊசியைப் பற்றி இம்முறை ஒன்றும் எழுதவில்லை. இந்தப் பருவத்தில் லண்டனிலேயே மிகச் சிறந்த வில்லி ஹரோவில் குடியிருக்கிறாள் என்று எழுதியது.

அந்தக் கடைசி வாரத்தில், தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண் வந்திருந்தார். பெயர் றஜீனா. ஆற்றங்கரையிலுள்ள பெரிய அரங்கு ஒன்றில் புதிய நாடகம் ஒன்றை இயக்கவிருந்தவர். அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை, மற்றவர்களைப்போலவே கூ அடித்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை பியற்றிஸைக் கூப்பிட்டார்.

நாடகத்தின் நாயகி ஓர் ஆஸ்திரேலியப் பெண். நான்கு வருடம் மழை இல்லாத நிலத்தில் ஆட்டுப் பண்ணையை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறவள். கணவன் போய்விட்டான், வங்கி நெருக்குகிறது, அவள் அசையவில்லை. இரண்டரை மணி நேரமும் மேடையை விட்டு இறங்காத வேடம்.

சயந்தினி தேர்வுக்குப் போனபோது வரிசையில் இருந்த மற்ற எல்லோரும் பொன்னிற முடிக்காரிகள். பழைய பழக்கத்தில், உள்ளே போனதும் அவளே முந்திக்கொண்டாள்.

“நீங்கள் வேறு மாதிரியான தோற்றத்தை நினைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். வந்த ரயிலிலேயே திரும்பிப் போய்விடுவேன்.”

“நான் ஒரு தோற்றத்தையும் நினைக்கவில்லை,” என்றார் றஜீனா. “அறுநூறு பேரைக் கையில் வைத்திருக்கத் தெரிந்த ஒருத்தியைத் தேடினேன். என் மகன் ஒரு வாரமாக வீட்டில் ‘ஓம், ஓம்’ என்று கத்திக்கொண்டிருக்கிறான். உட்கார், வாசிப்போம்.”

அந்த வேடம் அவளுடையதாயிற்று. ஒத்திகைக் காலம் கடினமாக இருந்தது. எடை குறைந்தது, கனவிலும் வசனம் சொன்னாள். மழை வராத வானத்தைப் பார்த்து அந்தப் பெண் தனியே பேசுகிற நீண்ட பேச்சு ஒன்று இருந்தது. அது மட்டும் படியவில்லை. ஒரு நாள் சின்னம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, குசினியிலேயே நின்று அவருக்கு அதைச் சொல்லிக் காட்டினாள். பாதியில் சின்னம்மா கத்தியைக் கீழே வைத்தார். முடிந்ததும், “அந்த மனிசிக்கு ஒருதரும் இல்லையோ?” என்று கேட்டார். சயந்தினிக்கு வேண்டியிருந்தது அதுதான். வானத்தோடு பேசக்கூடாது, கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு ஆளோடு பேச வேண்டும். மறுநாள் ஒத்திகையில் அப்படியே செய்தாள். றஜீனா பிரதியை மூடி வைத்துவிட்டார்.

நாடகம் சித்திரையில் அரங்கேறியது. விமர்சகர்கள் வந்த இரவு பாலேந்திராவும் மனைவியும் மெல்பேர்னிலிருந்து வந்து முன்வரிசையில் இருந்தார்கள். முடிவில், வெளிச்சம் அணைந்து மறுபடி எரிந்தபோது, மண்டபத்தில் யாரும் இருக்கையில் இல்லை. சயந்தினி ஒரு தடவை வணங்கி உள்ளே போனாள். விடவில்லை; நான்கு தடவை கூப்பிட்டார்கள். அப்பா கைதட்டவில்லை. இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஓர் ஆங்கிலேயருடைய தோளைத் தட்டி, “என் மகள்,” என்றார். அந்த மனிதர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

இலையுதிர் காலத்தில் நாடகம் நகர நடுவிலுள்ள பெரிய அரங்குக்கு மாறியது. சுவரளவு பெரிய விளம்பரத்தில் அவளுடைய பெயர் முழுதாக, ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தது. மெல்பேர்ன் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, அனிட்டாவை எப்படியாவது உயிரோடு கொண்டுவரலாம், திரும்பி வருகிறாயா என்று கேட்டது. அவள் நன்றி சொல்லி மறுத்துவிட்டாள். இப்போது அவளுக்கு ஹரோவிலேயே சொந்தமாக ஒரு பிளாட் இருக்கிறது. எந்த நாடகம், எந்த வேடம் என்று தெரிவு செய்யும் இடத்தில் இருக்கிறாள். பியற்றிஸ் எவ்வளவு சொன்னாலும் நத்தார் மாதத்தை மட்டும் கோர்ட் தியேட்டருக்கு ஒதுக்கிவைத்திருக்கிறாள்.

பண்ணை நாடகத்தின் கடைசிக் காட்சி முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சயந்தினி நாடகக் குழு முழுவதையும் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனாள். நடிகர்கள், ஒளியமைப்பாளர், உடுப்பு தைத்த பெண்கள், எல்லோரும். கடைக்காரர் மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டார். கொத்துரொட்டி போடுகிற தகரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கணவனாக நடித்தவர் மிளகாயில் செய்த கட்டாச்சம்பலை ஜாம் என்று நினைத்து அள்ளிப் போட்டுக்கொண்டு கண்ணீர் விட்டார். மேசை முழுவதும் அவருக்காகத் தண்ணீர் கேட்டுக் கூச்சல் போட்டது.

“அக்கா, இன்னும் ஒரு ரவுண்ட் கொண்டுவரட்டோ?” என்று பரிமாறுகிற பெண் கேட்டாள்.

“ஓம், கொண்டு வாங்கோ,” என்றாள் சயந்தினி. “உறைப்பைக் குறைக்க வேண்டாம்.”

மேசையின் மறுகோடியிலிருந்து றஜீனா கையை ஆட்டி, வசந்தத்தில் செய்யப்போகிற அடுத்த நாடகத்தைப் பற்றி ஏதோ கேட்டார். சத்தத்தில் விளங்கவில்லை. சயந்தினி தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அவருக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கப் போனாள்.